சிக்கனத்தில் கொதித்த எஞ்சின்

விலை குறைந்த சிறிய கார் ஒன்றின் எஞ்சின் அற்ப ஆயுளில் கெட்டுப்போகும்போது, மட்டமான பொருளைப் போட்டுக் கட்டியதால் வந்த வினை என்று தீர்ப்பெழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது பொதுவழக்கம். அமெரிக்க மோட்டார் வாகன வரலாற்றில் மிக அதிகமாகப் பழிக்கப்பட்ட சிறிய கார்களுள் ஒன்றான செவர்லே வேகாவின் கதை இந்தத் தீர்ப்புக்கு இடம் கொடுப்பதில்லை. 1970 செப்டம்பரில் விற்பனைக்கு வந்து 1977இல் நிறுத்தப்பட்ட அந்தக் காரின் எஞ்சினில், அக்காலத்தில் பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்ட வேறு எந்தக் காரிலும் இல்லாத உலோகவியல் நுட்பம் இருந்தது. அப்போது உலகின் மிகப் பெரிய கார் நிறுவனமாக இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆராய்ச்சிக்கூடத்தின் பெருமைக்குரிய படைப்பை, தன் அமெரிக்க வரிசையிலேயே மிகச் சிறிய காருக்குள் வைத்தது. அந்த எஞ்சின்தான் கொதித்தது, எண்ணெயைக் குடித்தது, ஐம்பதாயிரம் மைலைத் தாண்டுவதற்குள் பலருடைய வீட்டு வாசலில் நின்றுபோனது.

இந்த முரணுக்கு விடை தேடினால், கோளாறு பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றியிருந்தவற்றில் இருந்தது தெரியவருகிறது. புதுமைக்குத் தாராளமாகச் செலவழித்த நிறுவனம், அந்தப் புதுமை பிழைத்திருப்பதற்குத் தேவையான சாதாரணப் பொருள்களில் காசு பார்த்தது. ரேடியேட்டரின் அளவு, குளிர்நீரின் கொள்ளளவு, வழியும் நீரைப் பிடித்து வைக்கும் ஒரு பிளாஸ்டிக் குப்பி, வால்வுத் தண்டின் ரப்பர் சீல் ஆகியவை விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை. காட்சிக்கூடத்தில் எவரும் அவற்றைக் கேட்பதுமில்லை. ஆனால் ஒரு எஞ்சின் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை அவைதான்.

இரண்டே ஆண்டு அவகாசம்

1960களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சாலைகளில் வெளிநாட்டுச் சிறிய கார்கள் பெருகிக்கொண்டிருந்தன. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1968ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஜப்பானிலிருந்து டொயோட்டாவும் டாட்சனும் வந்து சேர்ந்தன. பெரிய கார்களில் பெரிய லாபம் கண்டு பழகிய டெட்ராய்ட் நிறுவனங்களுக்கு இது ஒரு தொல்லையாகத் தொடங்கி அச்சமாக வளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஜேம்ஸ் ரோச், 1968 அக்டோபரில் பத்திரிகையாளர்களை அழைத்து, இரண்டு ஆண்டுகளில் ஒரு சிறிய கார் வரும் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பின்போது அந்தக் காருக்கு முழு வடிவம் இருக்கவில்லை என்பதும், நாளைக் குறித்துவிட்ட பிறகு வடிவமைப்பு அந்த நாளைத் துரத்தி ஓட வேண்டியதாயிற்று என்பதும் கவனத்துக்குரியவை.

அதைவிட முக்கியமானது, காரை உருவாக்கியவர்கள் யார் என்பது. ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது செவர்லே, போன்டியாக், பியூக் முதலான பிரிவுகளின் கூட்டாக இருந்தது. ஒவ்வொரு பிரிவும் தன் கார்களைத் தானே வடிவமைப்பது அதுவரையிலான மரபு. செவர்லே பொறியாளர்களும் போன்டியாக் பொறியாளர்களும் ஆளுக்கொரு சிறிய கார்த் திட்டத்தை வைத்திருந்தனர். அவற்றை ஒதுக்கிவிட்டு, நிறுவனத்தின் அப்போதைய பிரசிடென்ட் எட் கோலின் மேற்பார்வையில் தலைமையகத்து மத்தியப் பொறியியல் குழு உருவாக்கிய கார், செவர்லேயின் கையில் கொடுக்கப்பட்டது. கோல் சாமானியரல்லர்; 1955ஆம் ஆண்டின் புகழ்பெற்ற செவர்லே வி-8 எஞ்சினுக்குப் பின்னால் இருந்தவர், 1960ஆம் ஆண்டு மாடலாக வந்த கோர்வேர் காரில் காற்றால் குளிரும் அலுமினிய எஞ்சினைத் துணிந்து பொருத்தியவர். அலுமினியத்தின் மீது அவருக்கிருந்த பற்று வேகாவிலும் தொடர்ந்தது.

1969இல் செவர்லே பிரிவின் பொறுப்பேற்ற ஜான் டிலோரியன், பிற்காலத்தில் பாட்ரிக் ரைட் என்ற பத்திரிகையாளருக்குச் சொல்லி 1979இல் வெளியான நூலில், மத்தியக் குழு அனுப்பிய முதல் மாதிரிக் கார் சோதனைப் பாதையில் எட்டு மைல் ஓடியதும் முன்பகுதி உடைந்து கழன்றதாகவும், அந்த எஞ்சினைக் குறித்துத் தம் பொறியாளர்களுக்கே கூச்சம் இருந்ததாகவும் கூறியிருக்கிறார். டிலோரியனுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் மீது கணக்குத் தீர்க்க வேண்டியவை பல இருந்தன என்பதை மனத்தில் கொண்டே அந்த நூலைப் படிக்க வேண்டும். ஆயினும் தான் வடிவமைக்காத காரைத் தன் பெயரில் விற்க வேண்டிய நிலையில் ஒரு பிரிவு இருந்தது என்ற அடிப்படை உண்மையை எவரும் மறுத்ததில்லை. தவறு நேரும்போது அதைத் திருத்தும் உரிமையும் உணர்வும் ஒரே இடத்தில் இல்லாமல் போனது அப்போதே தொடங்கிவிட்டது.

சிலிண்டருக்குள் சிலிக்கான்

எஞ்சினின் நுட்பத்தைப் புரிந்துகொள்ள, சிலிண்டர் சுவர் என்னும் ஒரே இடத்தை உற்றுப் பார்த்தால் போதும். பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் போய்வரும் உருளை வடிவக் குழிதான் சிலிண்டர். பட்டறையில் இதைப் ‘போர்’ என்பார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையங்களான ரிங்குகள் இந்தச் சுவரை உரசியபடியே ஓடும். இடையில் இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. சுவர் வார்ப்பிரும்பாக இருந்தால் இந்த உரசலை நெடுங்காலம் தாங்கும். அலுமினியம் எடை குறைவு, வெப்பத்தை விரைவாகக் கடத்தும். ஆனால் மென்மையானது, ரிங்குகள் அதைக் கீறிவிடும். ஆகவே அலுமினிய எஞ்சின் கட்டியவர்கள் எல்லாரும் சிலிண்டருக்குள் இரும்பினாலான உட்குழாய் ஒன்றைச் செருகுவது வழக்கம். இந்த உட்குழாய்க்கு ‘லைனர்’ அல்லது ‘ஸ்லீவ்’ என்று பெயர்.

வேகாவில் அந்த உட்குழாய் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸும் ரெனால்ட்ஸ் அலுமினிய நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஏ-390 என்ற கலவையில் ஏறத்தாழ 17 சதவீதம் சிலிக்கான் இருந்தது. உருகிய கலவை இறுகும்போது இந்தச் சிலிக்கானின் ஒரு பகுதி மிகக் கடினமான நுண்துகள்களாகப் பிரிந்து அலுமினியத்துக்குள் பரவி நிற்கும். சிலிண்டரைக் கடைந்து மெருகேற்றிய பின்னர், மின்வேதியியல் முறையில் மேற்பரப்பு அலுமினியத்தை மட்டும் ஓர் அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு ஆழத்துக்கு அரித்தெடுப்பார்கள். அப்போது சிலிக்கான் துகள்கள் மட்டும் மிக மிகச் சிறிதளவு மேலே துருத்தி நிற்க, அவற்றுக்கிடையே எண்ணெய் தங்கும் பள்ளங்கள் உண்டாகும். ரிங்குகள் இந்தத் துகள்களின் மீது ஓடும். அலுமினியமும் அலுமினியமும் நேரடியாக உரசினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பதால், பிஸ்டன்களுக்கு மின்முலாம் மூலம் இரும்புப் பூச்சு இடப்பட்டது.

நியூயார்க் மாநிலத்தின் மசீனாவில் வார்க்கப்பட்டு, அதே மாநிலத்தின் டோனவான்டாவில் கடையப்பட்ட இந்த நான்கு சிலிண்டர் பிளாக், 2,287 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்டது. பிளாக்கின் எடை ஏறத்தாழ 16 கிலோதான். சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் இரும்பு உட்குழாய் செய்து, செருகி, கடையும் செலவு மிச்சமாகும் என்பதும் இந்தத் துணிவுக்கு ஒரு காரணம். ஆக, இது அறிவியல் சாதனையாகவும் சிக்கன நடவடிக்கையாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. அதில் குற்றமில்லை, நல்ல பொறியியல் பல சமயம் அப்படித்தான் பிறக்கிறது.

குற்றம் அடுத்த படியில் வந்தது. அலுமினிய பிளாக்குக்கு மேலே, வால்வுகளைத் தாங்கும் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பில் செய்யப்பட்டது. செவர்லே பொறியாளர்கள் எடை குறைந்த அலுமினிய ஹெட் ஒன்றை வடிவமைத்துக் காட்டியும் அது உற்பத்திக்கு ஏற்கப்படவில்லை. இலேசான உடலுக்குக் கனமான தலை வைத்ததால் எடைக் குறைப்பின் பயனில் ஒரு பகுதி வீணாயிற்று. அத்துடன், சூடேறும்போது அலுமினியக் கலவை இரும்பைவிடக் கணிசமாக அதிகம் விரிவடையும் என்பதால், எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் கீழ்ப்பகுதியும் மேற்பகுதியும் வெவ்வேறு அளவில் நகர்ந்தன. இரண்டுக்கும் இடையில் நசுங்கிக் கிடந்தது ஹெட் கேஸ்கெட் என்னும் மெல்லிய தகடு. எரியும் வாயுவின் அழுத்தம், குளிர்நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதன் வேலை.

ஆறு லிட்டருக்கும் குறைந்த நீர்

எல்லா எஞ்சின்களும் வெப்பத்தைத்தான் உற்பத்தி செய்கின்றன. சக்கரத்துக்குப் போகும் ஆற்றல் எரிபொருளின் ஆற்றலில் சிறு பங்கு மட்டுமே. மிஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே வெளியேற, இன்னொரு பகுதியைக் குளிர்நீர் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விட வேண்டும். வேகாவின் முழுக் குளிர்விப்பு அமைப்பும் கொண்டிருந்த நீர் ஏறத்தாழ 5.7 லிட்டர்; ரேடியேட்டரின் உள்ளகம் சுமார் ஓர் அடிக்கு ஓர் அடி. கணக்குப்படி அது போதும். அமைப்பு நிறைந்திருக்கும்போது, கேஸ்கெட் உறுதியாக இருக்கும்போது, ரேடியேட்டர் அடைபடாமல் இருக்கும்போது, அது உண்மையிலேயே போதுமானதாகத்தான் இருந்தது.

பொறியாளர்கள் எந்த உறுப்பையும் கணக்குக்கு வந்த அளவில் அப்படியே செய்வதில்லை. எதிர்பாராத வெயில், தேய்மானம், அசட்டை ஆகியவற்றை மனத்தில் வைத்துச் சற்றுக் கூடுதலாகச் செய்வார்கள். இந்தக் கூடுதல் அளவை மிகைத் தாங்குதிறன் எனலாம். வேகாவில் இல்லாமல் போனது இதுதான். சூடேறி விரிந்த நீர் ரேடியேட்டர் மூடி வழியாக வழிந்தால், அதைப் பிடித்து வைத்து எஞ்சின் ஆறியதும் திரும்ப உறிஞ்சக் கொடுக்கும் குப்பி தொடக்கக் கார்களில் இல்லை. வழிந்த நீர் சாலைக்குப் போயிற்று. ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் சிறிது சிறிதாக நீர் குறைந்தது. மொத்தமே ஆறு லிட்டருக்குக் கீழே இருக்கும் அமைப்பில் ஒரு லிட்டர் குறைவு என்பது பெரிய குறைவு. பெரிய வி-8 கார்களை ஓட்டிப் பழகிய அமெரிக்கர், அவ்வப்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும் வழக்கம் உள்ளவரல்லர். வெப்பநிலையைக் காட்டும் எச்சரிக்கை விளக்கும் முழு நம்பிக்கைக்குரியதன்று: நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டிய உணரி, நீர்மட்டம் இறங்கியபின் ஆவியில் தொங்கும்போது, உலோகத்தின் உண்மையான சூட்டை அதனால் சரியாகச் சொல்ல இயலாது.

நீர் குறைந்த எஞ்சின் கொதித்தபோது அடுத்தடுத்து நடந்தவை ஒரு சங்கிலித் தொடர். வேகாவின் பிளாக் ‘திறந்த மேல்தளம்’ என்ற வகையைச் சேர்ந்தது; அதாவது சிலிண்டர்களின் மேல்விளிம்பு சுற்றியுள்ள வெளிச்சுவரோடு இணைக்கப்படாமல், நீருக்கு நடுவே தனித்து நிற்கும். வார்ப்பதற்கு எளிய இந்த அமைப்பு, அளவு மீறிச் சூடேறினால் சிலிண்டர்கள் தம் வட்ட வடிவத்திலிருந்து சற்றுக் கோணுவதற்கு இடம் தந்தது. கேஸ்கெட் கசிந்தது, கசிவால் இன்னும் நீர் குறைந்தது, சூடு இன்னும் கூடியது. சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் அறுந்தது. சிலிக்கான் துகள்களைத் தாங்கி நின்ற அலுமினியம் இளகிக் கீறல் விழுந்தது. இரும்புச் சுவராக இருந்திருந்தால் கேஸ்கெட்டை மாற்றி, ஹெட்டைச் சமப்படுத்திப் போட்டு மீண்டும் ஓட்டியிருக்கலாம். அரித்தெடுத்துத் தயாரித்த நுண்பரப்பு ஒருமுறை கெட்டால், அதைத் திரும்ப உருவாக்கும் கருவி எந்த ஊர்ப் பட்டறையிலும் கிடையாது.

எண்ணெய் குடிப்பது என்ற இன்னொரு புகாருக்குச் சிலிண்டர் சுவரே முழுக் காரணம் என்று பலர் நம்பினர். உண்மையில் வால்வுத் தண்டைச் சுற்றியிருந்த சீல்கள் சூட்டில் விறைத்து வெடித்ததால், மேலிருந்து எண்ணெய் எரியறைக்குள் இறங்கியது இதில் பெரும்பங்கு வகித்தது. சில காசு பெறுமான ரப்பர் அது. ஆனால் எண்ணெய் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் சிலிண்டரும் கூடவே போயிற்று. நீண்ட பிஸ்டன் வீச்சால் எஞ்சின் அதிர்ந்ததும், இரைந்ததும் தனி. மோட்டார் டிரெண்ட் இதழ் 1971ஆம் ஆண்டின் சிறந்த காராக வேகாவையே தேர்ந்தெடுத்தது; விருதுக்குழுவினர் ஓட்டிப் பார்த்தது புதிய காரை என்பதால் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

பட்டறைக்காரர்கள் தங்களுக்கே உரிய தீர்வைக் கண்டார்கள். கெட்ட அலுமினிய சிலிண்டரை அகலமாகக் கடைந்து, அதற்குள் எஃகு ஸ்லீவை இறுக்கிப் பொருத்தினார்கள். ஆராய்ச்சிக்கூடம் எதை மிச்சப்படுத்தியதோ அதைச் சொந்தக்காரரின் பணத்தில் பட்டறை திரும்பப் போட்டது. அப்படிப் பழுது பார்க்கப்பட்ட வேகாக்கள் நன்றாகவே ஓடின.

பழி சுமந்த லார்ட்ஸ்டவுன்

வேகாவின் கோளாறுகளைப் பேசும்போது, அந்தக் கார் கட்டப்பட்ட ஓஹையோ மாநிலத்து லார்ட்ஸ்டவுன் தொழிற்சாலையின் பெயர் உடனே வந்துவிடும். பற்றவைக்கும் எந்திரக் கைகள் நிறைந்த அந்தத் தொழிற்சாலையில் மணிக்கு 100 கார்கள், அதாவது 36 விநாடிக்கு ஒரு கார் என்ற வேகத்தில் வேலை நடந்தது. ஆட்குறைப்பையும் வேக அதிகரிப்பையும் எதிர்த்து, பெரும்பாலும் இளைஞர்களான தொழிலாளர்கள் 1972 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தனர். மனிதனை எந்திரமாக்கும் வேலையைப் பற்றிய விவாதத்தை நாடு முழுவதும் கிளப்பிய அந்தப் போராட்டம், வேகாவின் கெட்ட பெயருக்குச் சோம்பேறித் தொழிலாளியும் நாசவேலையும்தான் காரணம் என்று சொல்ல விரும்பியவர்களுக்கு வசதியாகவும் அமைந்தது. கதவு சரியாகப் பொருந்தாததற்கோ திருகாணி தளர்ந்ததற்கோ அந்த வேகத்தைக் காரணம் காட்டலாம். எஞ்சினின் நோய்க்கு முடியாது. அது லார்ட்ஸ்டவுனுக்கு வந்து சேரும்போதே முழுமையாகக் கட்டப்பட்டு வந்தது. நோயின் வித்து வரைபடத்தில் இருந்தது.

சிக்கனம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஒரு துணைச் செய்தி: சரக்கு ரயிலில் வழக்கமாக 18 கார்கள் ஏற்றும் இடத்தில் 30 வேகாக்களை ஏற்றுவதற்காக, மூக்கு தரையை நோக்கும்படி கார்களைச் செங்குத்தாகத் தொங்கவிடும் பெட்டிகள் செய்யப்பட்டன. அப்படித் தொங்கும்போது எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்காமலிருக்க எஞ்சினுக்குள் தனித் தடுப்பே வைத்தார்கள். ரயிலில் காரை அனுப்பும் செலவைக் குறைக்க எஞ்சின் வடிவமைப்பையே மாற்ற முடிந்த நிறுவனத்துக்கு, வழியும் நீருக்கு ஒரு குப்பி வைக்கத் தோன்றவில்லை. இது திறமைக் குறைவன்று; அக்கறை எங்கே குவிந்திருந்தது என்பதன் அடையாளம்.

சட்டத்துக்குப் புலப்படாத கோளாறு

1972இல் வேகா மூன்று தடவை திரும்ப அழைக்கப்பட்டது. பின்வெடிப்பால் சைலன்சர் கிழிந்து பெட்ரோல் தொட்டி சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம், கார்பரேட்டருக்கு அருகிலுள்ள தாங்கி உடைந்து வேகத்தைக் குறைக்க முடியாமல் போகும் அபாயம், பின் அச்சு நழுவிச் சக்கரம் கழன்றுவிடும் அபாயம் ஆகியவை அவற்றுக்குக் காரணங்கள். கடைசி அழைப்பில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அடங்கின. காரின் நற்பெயரை உண்மையில் கொன்ற எஞ்சின் கோளாறு இந்தப் பட்டியலில் இல்லை என்பது முதலில் வியப்பாகத் தோன்றலாம்.

விளக்கம் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்தான குறைகளுக்காகவே உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. சக்கரம் கழல்வது ஆபத்து. நாற்பதாயிரம் மைலில் எஞ்சின் தேய்ந்து, சம்பளக்காரர் ஒருவரின் பல மாதச் சேமிப்பைத் தின்பது பணநட்டம் மட்டுமே. பணநட்டத்துக்கு இருக்கும் ஒரே கேடயம் உத்தரவாதம். வேகா வாங்கியவருக்குத் தொடக்கத்தில் கிடைத்தது 12 மாதம் அல்லது 12,000 மைல். கொதித்த எஞ்சின்கள் குவியத் தொடங்கிய பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் பொறுப்பை 50,000 மைல் வரை நீட்டித்து, பல பிளாக்குகளைத் தன் செலவில் மாற்றிக் கொடுத்தது. விட்டுப்போன நீர்க்குப்பியும், நீர்மட்டம் குறைந்தால் எரியும் விளக்கும் பின்னர் வந்தன.

1976ஆம் ஆண்டு மாடலில் நீர்வழிகள் திருத்தப்பட்டன. கேஸ்கெட், நீர்ப்பம்பு, வால்வு சீல் ஆகியவை மேம்படுத்தப்பட்டன. எஞ்சினுக்கு ‘டியூரா-பில்ட்’ என்று புதுப்பெயர் சூட்டி, 5 ஆண்டு அல்லது 60,000 மைல் உத்தரவாதம் அளிக்கப்பட்டது. கொளுத்தும் கோடையில் பாலைவனச் சாலைகளில் மூன்று கார்களை 60 நாளுக்குள் தலா 60,000 மைல் ஓட்டிக் காட்டினார்கள். பெரிய பழுது எதுவும் நேரவில்லை. 1970இலேயே இருந்திருக்க வேண்டிய எஞ்சின் அது. அதற்குள் ஆறு ஆண்டுகள் போய்விட்டன, பெயரும் போய்விட்டது. துருப்பிடிக்கும் முன் மட்கார்டுகள் வேறு அந்தப் பெயரைத் தெருவெங்கும் பறைசாற்றிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 20 லட்சம் கார்கள் விற்றபின் 1977இல் வேகா நின்றது. அதே உடற்கூட்டில் வந்த அடுத்த கார்களுக்கு போன்டியாக் பிரிவின் வார்ப்பிரும்பு எஞ்சினையே பொருத்தினார்கள்.

வேகா நின்ற அதே 1977இல் ஜெர்மனியில் போர்ஷ நிறுவனம் 928 என்ற காரை வெளியிட்டது. அதன் வி-8 எஞ்சினில் இரும்பு லைனர் இல்லை. ரெனால்ட்ஸின் அதே உயர்சிலிக்கான் அலுமினியம், அதே போல் அரித்தெடுத்த சிலிண்டர் சுவர், இரும்புப் பூச்சிட்ட பிஸ்டன். மெர்சிடிஸ் பென்ஸும் அந்த வழியைப் பின்பற்றியது. அந்த எஞ்சின்கள் நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்றவை. உலோகம் குற்றவாளியன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தாராளமான குளிர்விப்பும், பிளாக்கைப் போலவே அலுமினியத்தாலான ஹெட்டும், முறையாகப் பராமரிக்க வசதியுள்ள சொந்தக்காரர்களும் அந்த உலோகத்துக்குக் கிடைத்தார்கள்.

ஸ்காட்லாந்திலும் பிரான்சிலும்

இந்த நோய் டெட்ராய்டுக்கு மட்டும் உரியதன்று. வேகாவுக்கு ஏழு ஆண்டு முன்னர், 1963 மே மாதத்தில், பிரிட்டனின் ரூட்ஸ் நிறுவனம் ஸ்காட்லாந்தின் லின்வுட்டில் புதிதாகக் கட்டிய தொழிற்சாலையிலிருந்து ஹில்மன் இம்ப் என்ற சிறிய காரை வெளியிட்டது. பின்புறம் பொருத்தப்பட்ட அதன் 875 சி.சி. எஞ்சின், தீயணைப்புப் பம்புக்காக உருவாகிப் பந்தயக் கார்களிலும் பெயர்பெற்ற கவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சினின் வழிவந்தது. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். வேகாவைப் போலன்றி இதில் இரும்பு லைனர்கள் இருந்தன. ஆனாலும் நீர்ப்பம்பு கசிந்தது, எஞ்சின் கொதித்தது, கேஸ்கெட் போயிற்று. வார்ப்புகள் லின்வுட்டிலிருந்து கவென்ட்ரிக்குப் போய்க் கடையப்பட்டு மீண்டும் லின்வுட்டுக்கு வந்தன; இப்படி அவை நூற்றுக்கணக்கான மைல் அலைந்தன. காரைச் சோதிக்கப் போதிய நாள்களும் இருக்கவில்லை. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கார்கள் செய்யக் கட்டிய தொழிற்சாலை, 1976 வரையான 13 ஆண்டுகளில் மொத்தம் 4.4 லட்சம் அளவிலேயே இம்ப் கார்களைச் செய்தது. தொடக்கக் கோளாறுகள் சரிசெய்யப்பட்ட பின்னரும் மக்கள் திரும்பி வரவில்லை.

நம் காலத்து எடுத்துக்காட்டு பிரான்சிலிருந்து வருகிறது. பெஜோ, சித்ரோயன் சிறிய கார்களில் 2012 முதல் வந்த 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் ‘ப்யூர்டெக்’ எஞ்சின், தன் பிரிவில் உலகின் சிறந்த எஞ்சின் விருதைப் பல ஆண்டு தொடர்ந்து பெற்றது. வால்வுகளை இயக்கும் தண்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் பொதுவாக எண்ணெய் படாமல் வெளியே ஓடும்; இதில் உராய்வையும் இரைச்சலையும் குறைப்பதற்காக அதை எஞ்சின் எண்ணெய்க்குள்ளேயே ஓடவிட்டார்கள். குறுகிய தூரமே ஓடும் நகரக் கார்களில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் பயணம் முடிந்துவிடுவதால், எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலக்கும். அந்தக் கலவை ரப்பரை ஊறவைத்து உதிர்க்க, உதிர்ந்த துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வடிகட்டியை அடைத்தன. எண்ணெய் அழுத்தம் விழுந்தது. பெஜோ, சித்ரோயன் ஆகியவற்றின் இன்றைய உரிமையாளரான ஸ்டெல்லான்டிஸ் 2024இல் இந்த எஞ்சின்களுக்கான பொறுப்பை 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை நீட்டித்தது. எஞ்சினின் புதிய வடிவத்தில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி வந்துவிட்டது.

மூன்று நாடுகள், மூன்று தலைமுறைகள், மூன்று வெவ்வேறு உறுப்புகள். வழிமுறை மட்டும் ஒன்று. அறிவுக்கூர்மை மிக்க எஞ்சின், நுணுக்கமான பராமரிப்பைக் கோருகிறது. அது பொருத்தப்படும் கார், அந்தப் பராமரிப்புக்கு நேரமும் பணமும் மிகக் குறைவாக உள்ளவரிடம் போய்ச் சேருகிறது. தொழிற்சாலையில் மிச்சமான காசு அழிந்துபோவதில்லை. சில ஆண்டு கழித்து வாங்கியவரின் செலவுக் கணக்கில் பன்மடங்காக ஏறுகிறது. சிறிய காரைச் சிக்கனமாகச் செய்வதில் தவறேதும் இல்லை. ஆனால் குளிர்நீரிலும் எண்ணெயிலும் சீல்களிலும் சிக்கனம் பிடித்த காரைச் சிக்கனமான கார் என்று அழைப்பது பொய்.

சிறிய கார் வாங்க முனைவோர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எஞ்சினுக்கு மட்டும் தனியாக உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அது எந்த நிலைகளில் செல்லாது, டைமிங் பெல்ட்டா சங்கிலியா, பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், குறிப்பிட்ட தர எண்ணெய்தான் ஊற்ற வேண்டுமா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பழைய காராக இருந்தால், எஞ்சின் நன்றாக ஆறிய நிலையில் கூலண்ட் மட்டத்தையும் எண்ணெய்க் கோலையும் வாங்குபவரே பார்க்க வேண்டும். கூலண்டில் எண்ணெய்ப் படலமோ, எண்ணெயில் பால் நிறமோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் காரை விட்டுவிட வேண்டும்.